முக்கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு சுற்று

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே சுற்றைத்தான் சுற்றுகிறார்கள். விடிகாலையில் சூரியன், அப்புறம் படகு, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், சாயங்காலம் மறுபடியும் சூரியன், சங்கு பாசி வாங்கிக்கொண்டு ராத்திரி ரயில். குமரி பார்த்தாயிற்று என்று ஊரில் போய்ச் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது மாவட்டத்தின் தெற்கு நுனியை மட்டும். வயல், குளம், ரப்பர், மலை, கோட்டை, கடற்கரை ஊர்கள் எல்லாம் அதற்கு வடக்கிலும் மேற்கிலும் கிடக்கின்றன.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். லீவு விட்டால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. என் மனைவியின் தம்பி கரூரில் இருக்கிறான். பிள்ளைகளோடு வந்தால் முதல் கேள்வியே, "அத்தான், யாரும் காட்டாததா எதாச்சும் காட்டுங்க" என்பதுதான். அவனுக்காகவே சில பாதைகள் போட்டு வைத்திருக்கிறேன். அப்படிச் சுற்றிச் சுற்றி எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இந்த மாவட்டத்தில் விசித்திரமானது எதுவும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, புற்றுக்குப் பூசை நடக்கிறது, பாறையைப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நமக்கு லீவு கிடைத்த நேரத்தில் போனால் பாதிதான் தெரியும். அதனதன் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். திருவட்டாற்றிலிருந்து பக்கம். காமராஜர் ஆட்சிக்காலத்தில் திட்டமிட்ட வேலை, 1966-ல் கட்டி முடித்தார்கள். பரளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே, இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு, ஒரு சானலையே தூக்கி அந்தரத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கால்வாய் என்று யாரும் சொல்வதில்லை, சானல்தான். பட்டணங்கால் சானலின் தண்ணீர் இந்தத் தொட்டி வழியாக ஆற்றைத் தாண்டி விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலங்களுக்குப் போகிறது. தாங்கி நிற்பவை 28 தூண்கள். உயரமான இடத்தில் 115 அடி.

போட்டோவில் பார்ப்பவர்கள் கீழேயிருந்து தூண்களைப் பார்க்கிற கோணத்தைத்தான் பார்த்திருப்பார்கள். மேலே ஏறி நடக்க வேண்டும். தொட்டியின் ஆழம் 7 அடி, அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மேல்பக்கம் இடையிடையே கான்கிரீட் பலகை போட்டு மூடியிருக்கும். மூடாத இடத்தில் குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே ஒரு ஆறு சத்தமே இல்லாமல் விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கும். தலையைத் திருப்பிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தால், அதற்கும் கீழே, தென்னந்தலைகளுக்கும் கீழே, இன்னொரு ஆறு. மேலே ஓடுவது ஒரு திசை, கீழே ஓடுவது வேறு திசை. கரூர்ப் பிள்ளைகள் இரண்டும் ஒரே தண்ணியா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாசனப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதில்தான் நேரம் பார்க்கிற விஷயம் வருகிறது. பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் மாதம் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்குத் திறந்து, இரண்டாம் போகமான கும்பப்பூ முடிகிற பிப்ரவரி கடைசி வரை விடுவார்கள். மார்ச், ஏப்ரல், மே பரீட்சை லீவில் வந்தால் தொட்டி வறண்டு கிடக்கும், வெறும் பாலம்தான். தண்ணீர் விடுவதும் மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். அதனால் திருவட்டாற்றில் சாயாக்கடையில் இறங்கி, "சானல்ல வெள்ளம் விட்டாச்சா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர், பயப்பட வேண்டாம். தண்ணீர் வராத நாளிலும் கீழே ஆற்றுக்கு இறங்குகிற படிக்கட்டு வழியாகப் போய்த் தூண்களின் அடியில் நின்று பார்க்கலாம். ஆனால் இறங்கினால் ஏற வேண்டும் என்பதை முழங்கால் வலிக்காரர்கள் முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. மதிய வெயிலில் மேலே நிழல் கிடையாது. காற்று மட்டும் பலமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அணைக்குப் போகிறவர்கள் 1906-ல் முடிந்த பேச்சிப்பாறையைத் தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். அதைக் கட்டிய பொறியாளர் மின்சின்னின் கல்லறை அங்கேயே இருக்கிறது. மூலம் திருநாள் என்ற திருவிதாங்கூர் ராஜாவின் காலத்தில் வந்து வேலை பார்த்தவர், தான் தேக்கிய தண்ணீருக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார். மாத்தூரில் பார்த்த தண்ணீரின் தலைமாடு இது என்று சேர்த்துக்கொண்டால், இந்த வழிக்கு ஒரு தொடர்ச்சி கிடைக்கும்.

இனி பாதை விஷயம். சுற்றுலாக் கையேட்டை நம்பி மாவட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவதைவிட, இங்கே ஜனங்கள் காலகாலமாக நடந்து வைத்திருக்கிற பாதைகளைப் பிடித்துக்கொண்டால் போதும். எனக்குத் தெரிந்து அப்படி இரண்டு உண்டு.

முதலாவது சிவாலய ஓட்டப் பாதை. மகாசிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாக நட்டாலம் வரை, 12 சிவன் கோயில்களை ராத்திரி பகலாக ஓடியும் நடந்தும் முடிப்பார்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காவித்துண்டு, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, காலில் செருப்பு கிடையாது. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, சாமிக்கு விசிறிவிட்டு, அடுத்த கோயிலுக்கு ஓட்டம். வெளியூர்க்காரர்கள் திகைப்பது இதற்கல்ல. ஓடுவது சிவன் கோயிலுக்கு, வாயில் வருவது "கோவிந்தா... கோபாலா!"

இதற்குக் கதை இருக்கிறது. புருஷாமிருகம் என்று பாதி மனிதன், பாதி மிருகமான ஒரு தீவிர சிவபக்தர். அதைத் தேடிப் போன பீமன் கோபாலா, கோவிந்தா என்று கூப்பிட்டான். விஷ்ணுவின் பெயர் காதில் விழுந்ததும் அது கோபத்தோடு துரத்த ஆரம்பித்தது. கண்ணன் கொடுத்தனுப்பிய 12 ருத்திராட்சங்களைப் பீமன் பிடிபடுகிற நேரத்தில் எல்லாம் ஒன்றொன்றாகக் கீழே போட, அது விழுந்த இடத்தில் சிவலிங்கம் தோன்ற, புருஷாமிருகம் துரத்தலை நிறுத்திப் பூசையில் உட்கார்ந்துவிடும். பூசை முடிந்ததும் மறுபடி துரத்தல். கடைசி ருத்திராட்சம் விழுந்த நட்டாலத்தில் சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகக் காட்சி கொடுத்து வழக்கை முடித்து வைத்தார்கள். நட்டாலத்தில் சங்கரநாராயணர் கோயில் இருப்பதும் அதனால்தான் என்பார்கள். பிள்ளைகளுக்குக் காரில் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது, ஒவ்வொரு கோயில் வரும்போதும் ஒரு ருத்திராட்சம் குறையும்.

சிவராத்திரி நேரத்தில் நீங்கள் காரோடு அந்தப் பாதையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ரோடு முழுக்க ஆட்கள், ஆட்களுக்கு நடுவே பைக், வேன். பார்க்க வேண்டும் என்றால் ஏதாவது ஒரு கோயில் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மோர், பானகம், கஞ்சி கொடுக்கிற பந்தல் ஒன்றின் ஓரமாக நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு டம்ளர் கையில் வந்து சேரும். மற்ற நாட்களில் அதே பாதை காருக்குத் தோதான சுற்று. மேற்கே உள்நாட்டின் நல்ல இடமெல்லாம் அதன் வழியிலேயே விழும். திற்பரப்பில் கோயிலுக்குப் பக்கத்திலேயே அருவி. கல்குளம் கோயில் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, அரண்மனையும் அங்கேதான். ஒரே மூச்சில் பன்னிரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள். மதியம் நடை அடைத்தால் சாயங்காலம்தான் திறப்பார்கள், அந்த நேரத்தில் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். காலையில் நாலு, மதியத்துக்கு அருவியோ அரண்மனையோ, சாயங்காலம் இரண்டு மூன்று என்று பிரித்தால் உடம்பு தாங்கும்.

திருநந்திக்கரையில் கோயிலோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் பாறையைக் குடைந்த ஒரு குகைக்கோயில் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சங்கள் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. கண் பழகும் வரை சும்மா நின்றால் ஒரு கோடு, அப்புறம் ஒரு கண், அப்புறம் ஒரு முகத்தின் பாதி என்று வரும். செல்போன் டார்ச்சை அடிக்காதீர்கள், அதனால் ஓவியத்துக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. இங்கேயுள்ள கல்வெட்டில் ராஜராஜ சோழனின் ஐப்பசி சதயப் பிறந்தநாள் விழாவுக்கு முட்டம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி இருக்கிறது. அதே முட்டம் கடற்கரைக்குச் சாயங்காலம் போகப் போகிறோம் என்று சொன்னபோது மச்சான் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

இந்தப் பாதையை விட்டுக் கொஞ்சம் விலகினால் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து சில கிலோமீட்டர். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கல் பாவிய பாதையில் ஏற வேண்டும். உச்சியில், சாய்ந்து நிற்கிற பெரும்பாறையின் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், முக்குடைக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகா என்கிற சமண இயக்கி. 9-ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் காலத்துக் கல்வெட்டும் உண்டு. பின்னால் இது பகவதி கோயிலாக மாறியது. சமணமும் பகவதியும் ஒரே பாறைக்குள் குடியிருப்பதை இங்கே யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை, மலைக்கோயில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மேலே சுனை இருக்கிறது, குடிக்க அல்ல. குடிதண்ணீரைக் கீழேயிருந்தே கொண்டுபோங்கள். காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் பாறை சுடாது.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டே: தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற இந்த அரண்மனையை நடத்துவது கேரள அரசின் தொல்லியல் துறை, 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அப்படியே. திங்கட்கிழமை பூட்டு. திங்கட்கிழமை வந்து வாசலில் நிற்கிற குடும்பங்களை இன்றும் பார்க்கலாம்.

திருவிதாங்கோடு இப்போது பார்த்தால் சாதாரணச் சின்ன ஊர். ஒரு காலத்தில் வேணாடு என்கிற பழைய அரசுக்குத் தலைநகரம். அங்கே சிவன் கோயிலுக்குப் போகிற வழியிலேயே அரப்பள்ளி என்கிற மரியன்னை ஆலயம். புனித தோமையாரே கி.பி. 63-ல் கட்டியது என்பது அவர்களின் நம்பிக்கை. சின்னக் கல் கட்டிடம்தான், தேவாலயம் என்றால் கோபுரத்தோடு உயரமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் கண்ணில் படாமல் கடந்து போய்விடுவீர்கள்.

இரண்டாவது பாதை தேவசகாயம் பிள்ளையுடையது. அவர் பிறந்த ஊரும் நட்டாலம்தான். சிவாலய ஓட்டம் முடிகிற ஊரில் இந்தப் பாதை தொடங்குகிறது, இதை யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் பத்மநாபபுரம் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர், டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து மதம் மாறி, தண்டனைக்கு ஆளாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில்.

டிலனாய் யார் என்பதற்குப் புலியூர்க்குறிச்சியில் இறங்க வேண்டும். நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரோட்டிலேயே உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களுக்காகச் சண்டை போடவந்து மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர், அப்புறம் அதே ராஜாவின் படைக்குத் தளபதியாகி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, கோட்டைகளைக் கட்டி, 1777-ல் இங்கேயே இறந்தார். கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்களில் பாதிப்பேர் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் கூரை போன ஒரு தேவாலயம், நாலு சுவர் மட்டும். அதற்குள் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். பக்கத்திலேயே அவருடைய மனைவியும் மகனும். ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் கல்லறையில் தமிழ் எழுத்தைத் தடவிப் படிக்கிற அனுபவத்துக்காகவே நான் அங்கே எல்லோரையும் கூட்டிப்போகிறேன்.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. காவலர்கள் இழுத்துப்போகும் வழியில் தாகம் தாங்காமல் தேவசகாயம் முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது நம்பிக்கை. பாறையில் குழி, குழியில் தண்ணீர். எல்லா மதத்துக்காரர்களும் வந்து பாட்டிலில் பிடித்துப் போவார்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிப்பது மணியடிச்சான் பாறைதான். ஆரல்வாய்மொழியில், அவர் சுடப்பட்ட காற்றாடிமலையில் இருக்கிறது. சாதாரணப் பாறை மாதிரிதான் கிடக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் கல்லில் கல் மோதுகிற மொட்டைச் சத்தம் வராது, கணீர் என்று மணியோசை வரும். அவர் இறந்தபோது மலை உச்சியிலிருந்து உடைந்து விழுந்த பாறை என்பார்கள். ஆட்கள் தட்டித் தட்டி அந்த இடங்களே வெள்ளையாய்த் தெரியும். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. கல்லை விரலிடுக்கில் தளர்த்தியாகப் பிடித்து, பட்டதும் எடுத்துவிட வேண்டும், அழுத்தினால் ஒலி செத்துவிடும். இடத்துக்கு இடம் சுரம் மாறுகிறதா என்று என் மைத்துனன் மகள் ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்தாள். உள்ளே விரிசல் இல்லாத கெட்டிப்பாறை, அடியில் கொஞ்ச இடத்தில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஒலிக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். சுசீந்திரம் கோயிலின் இசைத்தூண்களும் கல்லின் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகின்றன, அங்கே சிற்பி செதுக்கி வரவழைத்ததை இங்கே மலை தானாகச் செய்திருக்கிறது. "அப்ப சாமி செஞ்சதில்லையா?" என்றாள். அதற்குப் பதில் சொல்வது என் வேலையில்லை என்று அவள் அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும்: அது வேண்டுதலோடு வருகிறவர்களின் இடம். பக்கத்தில் யாராவது முழந்தாளிட்டிருந்தால் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஆரல்வாய்மொழி வரை வந்துவிட்டால் முப்பந்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். மேற்குத்தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கிற இடைவெளி இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துப் பாயும், அதனால்தான் ரோட்டின் இருபக்கமும் கண்ணெட்டும் தூரம் காற்றாலைகள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வந்தால் எல்லாம் சுற்றும், கார்க் கதவைத் திறக்கவே கை வலிக்கும். மற்ற மாதங்களில் பல நின்றுகொண்டிருக்கும். இவ்வளவு நவீனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் முப்பந்தல் இசக்கியம்மன். கையில் பிள்ளையோடு இருக்கிற அம்மன். லாரிக்காரர்கள் இங்கே நிறுத்தாமல் போவது அபூர்வம், தேங்காய் உடைத்து, வண்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் மலையைத் தாண்டுவார்கள். பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய தொட்டில்களும் இருக்கும். இங்கே நிறுத்தும்போது சர்வீஸ் ரோடு பார்த்து நிறுத்துங்கள். நாலு வழிச்சாலையில் லாரிகள் வேகத்தைக் குறைப்பது அம்மனுக்காக, உங்கள் காருக்காக அல்ல.

பக்கத்திலேயே தோவாளை. இதற்குத்தான் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். பூச்சந்தை விடிவதற்கு முன்னாலேயே சூடுபிடித்துவிடும், சூரியன் நன்றாக ஏறிய பிறகு போனால் நசுங்கின இதழும் ஈரச் சாக்கும்தான் மிச்சம். பிச்சி, மல்லிகை, கேந்தி, அரளி, துளசி என்று மலை மலையாகக் குவியும். கேரளத்துக்கு ஓணப் பூ போகிற வாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, கேந்தி மூட்டைகள் தலைக்கு மேல் பறக்கும். பார்க்க வேண்டியது மாணிக்கமாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, இந்த மூன்றை வைத்துத் தட்டையாக, கல் பதித்த நகை மாதிரி மடக்கி மடக்கிக் கோர்ப்பார்கள். ஒரு அக்கா கட்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். இலையை ஒரே அளவில் மடிக்கிறது இடது கை, பூவை வைக்கிறது வலது கை, வாய் எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது, கண் எதையும் பார்ப்பதாகவே தெரியவில்லை. "எவ்வளவு நாள்ல படிச்சீங்க?" என்றாள் என் மனைவி. "படிக்கதுக்கு என்ன மக்கா, பிறந்ததுலேர்ந்து இதுக்குள்ளதான கெடக்கோம்" என்றார். சந்தை நடக்கும்போது நடுவழியில் போட்டோவுக்கு நிற்காதீர்கள், சுமைக்காரர்கள் பொறுமையானவர்கள்தான், சுமை அப்படியில்லை.

நாகர்கோவிலில் நாகராஜா கோயிலில் ஒரு நிமிடம் கூரையைக் கவனியுங்கள். எத்தனையோ கல் கோயில் இருக்கிற ஊரில் இந்த மூலவர் மட்டும் ஓலைக்கூரையின் கீழ். ஆண்டுதோறும் புது ஓலை வேய்வார்கள். பிரசாதமாகக் கருவறை மண்ணைத் தருவார்கள், அது ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது சொல்வழக்கு. தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்களையும் தேடிப் பாருங்கள், சிதறாலின் தூரத்துச் சொந்தங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் கேரளபுரத்தில் நிறம் மாறும் பிள்ளையாரும் உண்டு. அவரும் வருடத்தில் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெளுப்பு என்பார்கள். ஒரே பயணத்தில் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தைத்தான் பார்ப்பீர்கள். நிறம் மாறியதா என்று தீர்மானிக்க மறுபடி வர வேண்டும், ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

சட்டை விஷயம் ஒன்று. சுசீந்திரம், திருவட்டாறு போன்ற கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். காரில் ஒரு வேட்டியைப் போட்டு வைத்தால் பேண்ட் தகராறு இல்லை. திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்காமல் போனால் வழி முழுக்க என் அம்மா சண்டை போடுவார். 22 அடி நீளத்தில் படுத்திருக்கிற பெருமாளை மூன்று வாசல் வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்து மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 2022 ஜூலையில் அங்கே குடமுழுக்கு நடந்தது, 418 வருடத்துக்குப் பிறகு.

கடற்கரைப் பக்கம் மண்டைக்காடு. பகவதியம்மன் என்றாலும் மூலவர் ஒரு புற்று, ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது, மேலே அம்மனின் முகம். மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள், பெண்களின் சபரிமலை என்கிற பேர் அதனால் வந்தது. அந்தப் பத்து நாளில் காரில் வருவது புத்திசாலித்தனம் இல்லை, பஸ்ஸில் வாருங்கள். கோயிலிலிருந்து கடல் பொடிநடை.

அங்கிருந்து மணவாளக்குறிச்சி பக்கம். கடற்கரை மணல் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம் பிரித்தெடுக்கிற தாதுமணல் இது. அழகாக இருக்கிறது என்று பாட்டிலில் அள்ளிப் போகாதீர்கள், பார்த்துவிட்டுக் காலைத் தட்டிக்கொண்டு வாருங்கள்.

முட்டத்தில் கலங்கரை விளக்கமும், கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறைகளும், சிவந்த மண் மேடும் சாயங்கால வெயிலில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். இங்கேதான் நான் கறாராக இருப்பேன். எங்கள் மேற்குக் கடல் குளிக்கிற கடல் இல்லை. காற்றும் மழையும் இல்லாத நாளிலும் எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை வந்து திடீரென்று கரையேறும், மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். பாறையில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அதுவரை அலை வரும் என்று அர்த்தம். காய்ந்த பாறையில் உட்காருங்கள், முதுகைக் கடலுக்குக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறவர் "இன்னைக்கு கடல் சரியில்ல" என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

வட்டக்கோட்டை, மருந்துவாழ்மலை இரண்டும் கிழக்குப் பக்கம், ஒரே காலையில் முடியும். மலையேறப் போகிறவர்கள் மலையை முதலில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறின பிறகு கோட்டைக்கு வரலாம், கடற்காற்று இருக்கும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி. வரைபடத்தில் 15 கிலோமீட்டர் என்றால் இருபது நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே ஊர் முடிந்து ஊர் தொடங்குவதில்லை, வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே போகும். உள்ரோடுகள் வளைந்து வளைந்து, எதிரே பஸ் வந்தால் ஒருவர் மதில் ஓரம் ஒட்டி நிற்க வேண்டும். கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போகும் லாரிகள் வேறு. மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கீழே நெரிசல்தான், கீழே போகத் தேவையில்லாதவர்கள் மேலேயே போய்விடுங்கள். வழி கேட்டால், "அங்கோட்டு போயி, சானல் கரை வரும், அதைப் பிடிச்சு போங்க" என்பார்கள். கூகுள் காட்டுவதைவிட சானல்கரை பெரும்பாலும் நிழலானது. ஆனால் கார் போகுமா என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டலைத் தேட வேண்டாம். காலையில் புட்டும் பயறும் பப்படமும், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், நடுவில் பழம்பொரியும் சாயாவும். கோடையில் வந்தால் ரோட்டோரம் அக்கானி விற்பார்கள், மற்ற இடத்தில் பதநீர் என்பது. வெயில் ஏறுவதற்கு முன்னால் இறக்கினதாகப் பார்த்துக் குடியுங்கள். பழக்கடையில் மட்டி வாழைப்பழம் கேளுங்கள். விரல் அளவுதான் இருக்கும், எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதல் பழமாகக் கொடுப்பது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பழுத்ததை வாங்கினால் வண்டியிலேயே தின்று தீர்க்க வேண்டும், ராத்திரிக்குள் தோல் கறுத்துவிடும். ஊருக்குக் கொண்டுபோக என்றால் எத்தனை நாள் பயணம் என்று சொல்லிக் காய்ப்பக்குவத்தில் ஒரு குலை கேளுங்கள், கடைக்காரரே தட்டிப் பார்த்து வெட்டித் தருவார்.